முப்பது மைக்ரான்

ஷாஃப்டில் ஒரு குறையும் இல்லை என்று மைக்ரோமீட்டர் சொன்னபோது சண்முகத்துக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பிறகு அந்த நிம்மதியை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு வாய் கசந்தது.

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டின சந்தில் அவன் பட்டறை. தகரக் கூரை. அன்று காலையிலிருந்து மழை பிடித்துக்கொண்டதில், கூரைச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் சேஷகிரி ஆட்டோவில் வந்து இறங்கினார். கூட வந்த இரண்டு மெக்கானிக்குகள் சாக்கில் சுற்றிய கிராங்க் ஷாஃப்டை, எஞ்சினின் சுழல்தண்டை, தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்கள். அவருடைய வேனிலிருந்து கழற்றியது. அந்த ஷாஃப்டை அரைத்துச் சாணை பிடித்துக் கொடுத்தவன் சண்முகம். எஞ்சினைக் கோத்தவன் பிரேசர் டவுன் மைக்கேல்ராஜ், சண்முகத்தின் உயிர்ச் சிநேகிதன். கோத்த எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஓசூர் ரோட்டுப் பக்கம் போனான். பொம்மனஹள்ளி தாண்டி மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் இறுகிப் பூட்டிக்கொண்டது. வேன் சுவரில் முட்டின மாதிரி அப்படியே நிற்க, பின்னால் வந்த ஜல்லி லாரி ஏறிவிட்டது. மைக்கேல்ராஜின் வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஒரு மெக்கானிக் சொன்னான். கால் என்ன தலைப்பாகையா, கழற்றி மாட்டிக்கொள்ள? சண்முகத்துக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

"நோடி, பாத்துச் சொல்லுப்பா சண்முகம்" என்றார் சேஷகிரி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும் மனுஷர். "ஷாஃப்ட்ல தப்பா, மைக்கேல் கையில தப்பா? எனக்கு அஷ்டே, அவ்ளோதான் தெரியணும். மனுஷனுக்கு ஒரு காலே போயிருக்கு. சும்மனெ விட முடியுமா?"

சண்முகம் ஷாஃப்டை வெளிச்சத்துக்குத் திருப்பினான். பேரிங்குக்குள் உட்கார்ந்து சுழலும் உருண்டைப் பாகங்களுக்கு ஜர்னல் என்று பெயர். அதில் ஒன்று நெருப்பில் வாட்டினாற்போல் நீலம் பாரித்து, பேரிங் ஈயம் உருகி அப்பிக் கிடந்தது. அதை அளந்து பிரயோஜனமில்லை. மற்றவை பளபளவென்று அவன் கொடுத்தபடியே இருந்தன. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தான். காய்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தான். பெரிய மைக்ரோமீட்டரை, பட்டறைப் பேச்சில் மைக்கை, எடுத்து ஒவ்வொரு ஜர்னலையும் மேலும் கீழுமாக ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம், ஓரத்தில் ஒரு தரம் என்று கவ்வவிட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் தேயாமல் இருந்தால் கோழிமுட்டை மாதிரி ஆகியிருக்கும். ஆகவில்லை. அளவு கூடவுமில்லை, குறையவுமில்லை. சுற்றி நின்றவர்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷாஃப்ட் சரியா கீது சார்."

"கரெக்டா?"

"கரெக்ட்டு."

"அப்ப மைக்கேல்தான். பேரிங்குக்கு எண்ணெய் விடாம மாட்டியிருப்பான். இல்ல தண்ணி போட்டிருப்பான்."

சண்முகம் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மைக்கேல்ராஜ் வேலை நேரத்தில் குடிக்கிறவன் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மைக்கைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். அந்த நேரத்தில் அவன் மனசு முழுக்க ஒரே ஒரு நினைப்புதான்: நல்லவேளை, நான் இல்லை.

பட்டறை மூலையில் டீசல் தொட்டியில் வேறொரு ஷாஃப்டைக் கழுவிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டி ஸ்வர்ணா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கூட்டம் போனதும் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"ஒரு வார்த்தை அவருக்காகப் பேசினா இன்னா?"

"அளவு அப்படித்தான காட்டுது. நான் இன்னா பேசறது?"

"அளவு பேசட்டும். நீங்களும்தான் பேசுங்களேன்."

மதியம் அவள் புளிச்சாதமும் வறுத்த கடலையும் எடுத்துவைத்தாள். அவனுக்கு உள்ளே இறங்கவில்லை. தூக்குவாளியை அப்படியே மூடிவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

ஆஸ்பத்திரியில் மைக்கேல்ராஜ் மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். வாய் ஓயாமல் பேசுகிறவன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் கூட கார்புரேட்டர் பாடம் எடுக்கிறவன், இன்று உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். சண்முகம் காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். மந்திரம் மாதிரி எஞ்சின் கோக்கும் வரிசையைச் சொல்லிக்கொண்டிருந்தான்: பேரிங் வை, எண்ணெய் விடு, ஷாஃப்டை இறக்கு, மூடி போடு, போல்ட் முறுக்கு.

"மச்சி, மூணாவது பேரிங்குல எண்ணெய் விட்டனாடா?"

"விட்டிருப்படா."

"விட்டிருப்பன்னா? விட்டனா, இல்லியா? எனக்கு ஞாபகமே இல்லடா. மத்ததெல்லாம் ஞாபகம் கீது. அது ஒண்ணு மட்டும் இருட்டா கீது. உன் ஷாஃப்ட் சரியாத்தான இருந்துச்சு? அளந்தியாமே. சேஷகிரி வந்து சொன்னாரு."

"சரியா இருந்துச்சு."

"அப்ப நான்தான்." சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் தூக்கி, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தான். "கால் போனது போவட்டும். ஒக்காந்துகினே எஞ்சின் கோக்கலாம். கையே பொய் சொன்னா என்னா பண்றது? லீனா, அந்த ஸ்பானர் பெட்டிய எடைக்குப் போட்டுடு. இனிமே நான் எந்த எஞ்சினையும் தொட மாட்டேன்."

லீனா அவன் பெண்டாட்டி. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அழுது அழுது முகம் வீங்கி, கண்கள் உள்ளே போயிருந்தன. "காலையிலேர்ந்து இதே பேச்சுண்ணா" என்றாள் சண்முகத்திடம். "நீங்களாவது சொல்லுங்க. கால் இல்லாட்டி நான் தூக்கி ஒக்கார வெக்கிறேன். வேலையே வேணாம்னா இவரு எதுக்கு எந்திரிப்பாரு?"

சண்முகம் வாங்கிக்கொண்டு போன சாத்துக்குடியைக் கொடுத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தபிறகு மைக்கேல்ராஜ் இன்னும் மோசமானான். படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சந்தில் போகிற வண்டிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டானாம். லீனா போனில் சொல்லிச் சொல்லி அழுதாள். ஸ்பானர் பெட்டியை எடைக்காரன் கையில் அவனே தூக்கிக் கொடுக்கப் பார்த்து, அவள் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பகலில் ரகுராம் வந்தான். பொம்மனஹள்ளியில் ஜெனரேட்டர் ரிப்பேர் செய்கிறவன். முந்தின வாரம் சண்முகம் அரைத்துக் கொடுத்த ஷாஃப்டை ஸ்கூட்டரில் கட்டித் திரும்பக் கொண்டுவந்திருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இது முப்பது மைக்ரான் பெருசா இருக்கு."

"என் கையில வந்ததா?" சண்முகம் சிரித்தான். "உன் மைக்க பல் விளக்க யூஸ் பண்றியா?"

"ரெண்டு மைக்ல பாத்துட்டேண்ணே. கம்பெனிக்காரங்க மைக்லயும் அதே முப்பதுதான்."

முப்பது மைக்ரான் என்றால் தலைமுடியில் பாதிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தட்டாது. ஆனால் ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவில் எண்ணெய் நிற்பதற்கு விடுகிற இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த இடத்தைத் தின்றுவிட்டால் இரும்பும் ஈயமும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். வேறெதுவும் வேண்டாம்.

சண்முகத்துக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. ரகுராமின் மைக்கை வாங்கினான். மூலையில் சாக்கில் கிடந்த சேஷகிரியின் ஷாஃப்டை இழுத்தான். நல்ல ஜர்னலைக் கவ்வவிட்டான். படித்தான். எடுத்துவிட்டு மறுபடி கவ்வவிட்டான். முப்பது. அடுத்த ஜர்னல். அதுவும் முப்பது. மழை விட்டுப் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரகுராம் என்னவோ கேட்டான், காதில் விழவில்லை. "வெச்சுட்டுப் போ, சரி பண்ணி அனுப்பறேன்" என்று சொல்லி அனுப்பினது யாருடைய குரல் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அந்தப் பெரிய மைக் ஐம்பது மில்லிமீட்டரில் ஆரம்பிக்கிற ரகம். அதற்குக் கீழே மூடாது. அதனால் சரியாக ஐம்பது மில்லி நீளத்தில் ஓர் எஃகுக் குச்சி கூடவே வரும். அந்தக் குச்சியை மைக்கின் வாயில் கவ்வவிட்டுக் கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் சாவி போட்டுத் திருப்பி நிறுத்த வேண்டும். ஆயுத பூசைக்கு மறுநாள் அப்படித்தான் நிற்காமல் இருந்தது. பூசைச் சந்தடியில் மைக்கை எவனோ தட்டியிருப்பான் என்று திட்டிக்கொண்டே சண்முகம் திருப்பி நிறுத்தினான். அதற்கப்புறம் அந்த மைக்கில் அளந்து அரைத்தது இரண்டே இரண்டு ஷாஃப்ட்தான். இரண்டும் இப்போது அவன் கண்ணெதிரே கிடந்தன. மைக்கைச் சந்தேகப்படலாம். மைக்குக்கே அளவு சொல்கிற குச்சியை எவன் சந்தேகப்படுவான்?

குச்சியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். உடம்பு முழுக்கக் குங்குமக் கறை. அது அவனுக்குத் தெரிந்ததுதான். பூசையில் வைத்த பொட்டைத் துணி போட்டு அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது பட்டறை வழக்கம். லேத்து, டிரில்லிங், சாணை எல்லாம் தீபாவளி வரைக்கும் பொட்டோடுதான் நிற்கும். அதனால்தான் அன்றைக்குக் குச்சியைத் துடைக்கவில்லை. இப்போது அதன் முனையைப் பார்த்தான். முனையில் வட்டமாக, மெல்லிசாக, கெட்டியாக, மைக் கவ்விக் கவ்விப் பளபளப்பேறின சந்தனம். திருப்பினான். அந்த முனையிலும் சந்தனம். இரண்டும் சேர்ந்து முப்பது மைக்ரான்; அந்த நீளத்தை ஐம்பது மில்லி என்று நம்பித்தான் அவன் பூஜ்யம் வைத்திருக்கிறான்.

"ஸ்வர்ணா" என்று கூப்பிட்டான். கூப்பிட்டது கத்தலாக வந்தது. "இதுல சந்தனம் வெச்சது யாரு?"

ஸ்வர்ணா வந்து பார்த்தாள். "பொட்டா? அன்னிக்கு நான் எங்க வெச்சேன், அடுப்புல பொங்கல் இருந்துச்சு. லீனாதான் கிண்ணத்த எடுத்துகினு எல்லாத்துக்கும் வெச்சுகினு வந்தா. 'அக்கா, இந்தக் குச்சிக்கு ரெண்டு பக்கமும் கன்னம் மாதிரி கீது'ன்னு சிரிச்சா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு வெக்கிற மாதிரி வெச்சா. ஏன், இன்னா ஆச்சு?"

அவன் சொன்னான். சொல்லச் சொல்ல ஸ்வர்ணா பக்கத்தில் இருந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ மாரியாத்தா" என்றாள். "ஐயோ, அவ ஆசையா வெச்சாளே. மாதா கோயிலுக்குப் போறவ, வருஷா வருஷம் நம்ம பூசைக்கு வந்து கோலம் போடறவ. அவ புருஷன் காலையா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்காக முடிந்திருந்தால்கூடத் தேவலை.

சண்முகத்துக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டான். எஞ்சின் கோத்த அன்று மைக்கேல்ராஜ் போன் பண்ணினான். மச்சி, கையால சுத்தினா கொஞ்சம் இறுக்கமா வருதுடா, என்றான். பேரிங் புதுசுடா, ஓட ஓட வழி விட்டுரும், நான் அளந்ததுடா அது, என்றான் சண்முகம். நான் அளந்தது. அந்த வார்த்தையை நம்பித்தான் மைக்கேல்ராஜ் மேற்கொண்டு போல்ட்டை முறுக்கினான். வேறு யார் கொடுத்த ஷாஃப்டாக இருந்தாலும் கழற்றிப் பார்த்திருப்பான்.

"சொல்லணும்" என்றான்.

"யாருகிட்ட?"

"அவன்கிட்டதான். அவன் கையி மேல தப்பில்லன்னு அவனுக்குத் தெரியணும். தெரியலன்னா அவன் அப்படியே கட்டில்லயே கெடந்து செத்துப்போவான்."

"லீனா பக்கத்துலயே இருப்பாளே. அவளுக்குத் தெரிஞ்சா? அவ கையத்தான் அவ வெட்டிக்குவா."

"அவ பேரு வராது. தொடைக்கறது என் வேல. நான் தொடைக்கல. இறுக்கமா கீதுன்னு அவன் சொன்னான், நான் கேக்கல. இதுல பொய் எங்க கீது?"

"பாதி நெசம்."

"பாதி போதும்" என்றான்.

குச்சியின் இரண்டு முனையையும் துடைத்து, மைக்குக்குத் திரும்பப் பூஜ்யம் வைத்து, ஒரே மூச்சில் ரகுராமின் ஷாஃப்டை அரைத்துக் கொடுத்துவிட்டுத்தான் சண்முகம் பிரேசர் டவுனுக்குப் போனான். நேராகப் போகப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. போகிற வழியில் சேஷகிரியைப் பார்த்து, தப்பு என்னுது, மைக்கேலுது இல்ல என்று சொன்னான். அவர் கன்னடத்திலும் தமிழிலும் கிழிகிழி என்று கிழித்தார். தலை குனிந்து வாங்கிக்கொண்டான். அது சுலபமாகத்தான் இருந்தது.

மைக்கேல்ராஜின் வீடு மசூதித் தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னச் சந்தில். முன்னறையில் கட்டில். மடித்துக் குத்தின பேன்ட்டுக் கால். லீனா மாத்திரை அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணா, டீ போடறேன்" என்றாள். சண்முகம் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச வராது என்று தெரியும்.

"மைக்கேலு, தப்பு என்னுதுடா. உன் கையி சரியாத்தான் பண்ணியிருக்கு. நான் ஜீரோ தப்பா வெச்சுட்டேன். ஷாஃப்ட் முப்பது மைக்ரான் பெருசு."

மைக்கேல்ராஜ் நிமிர்ந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தரமாக இருக்க வேண்டும், லீனா மாத்திரையைக் கீழே போட்டுவிட்டாள்.

"முப்பதா?"

"முப்பது."

"அதான்டா இறுக்கமா வந்துச்சு. நான் சொன்னேனே."

"சொன்னே."

"எண்ணெய் விட்டிருக்கேன் அப்ப. மூணாவதுலயும் விட்டிருக்கேன்." கையைத் தூக்கிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் கட்டி வழிந்தது. "விட்டிருக்கேன்டா!" என்று கட்டிலில் அறைந்தான். பிறகுதான் மற்றது அவனுக்கு உறைத்தது. முகம் மெல்ல மாறியது. "ஜீரோ எப்படிடா தப்பும்? குச்சி வெச்சுத்தான பாப்பே?"

"குச்சி முனையில அழுக்கு. தொடைக்கல."

"என்னா அழுக்கு?"

"எண்ணெய்ப் பிசுக்கு."

"எண்ணெய் நசுங்கிப் பூடும்டா. முப்பது நிக்காது. கெட்டியா என்னமோ இருந்திருக்கணும். எப்ப வெச்சே ஜீரோ?"

சண்முகம் வாசல் பக்கம் பார்த்தான். "சொல்றா, எப்ப?" என்று மைக்கேல்ராஜ் அதட்டினான்.

"பூசைக்கு மறுநாள்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. பூசையன்று மைக்கேல்ராஜும் அங்கேதான் இருந்தான். லீனா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனதைப் பார்த்து, ஆணி ஒண்ணு பாக்கி கீது பாரு, அதுக்கும் வை என்று கிண்டல் பண்ணினவனே அவன்தான். இப்போது வாயைத் திறந்தவன் மூடினான். கீழே விழுந்த மாத்திரையைக் குனிந்து தேடிக்கொண்டிருந்த லீனாவைப் பார்த்தான். அவளுடைய விரல்களைப் பார்த்தான். பிறகு சண்முகத்தைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒன்றுதான் தெரியும், இரண்டு பேரும் அதைச் சொல்லப்போவதில்லை என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது.

"எண்ணெய்தான்" என்றான் மைக்கேல்ராஜ்.  "பழைய எண்ணெயா இருந்தா கெட்டியா நிக்கும். நீ தொடைக்கல. நீதான்டா. போ. போடா இங்கேர்ந்து."

சண்முகம் வெளியே வந்தான். செருப்பைக்கூடச் சரியாக மாட்ட வரவில்லை. சந்தின் முனைக்குப் போவதற்குள் லீனா ஓடிவந்தாள். கோபமே தெரியாத பெண் என்று அவளைச் சொல்வார்கள். அவள் முகத்தில் அப்போது இருந்ததைச் சண்முகம் அதற்கு முன் எந்த மனுஷர் முகத்திலும் பார்த்ததில்லை.

"நில்லுங்கண்ணா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." மூச்சு வாங்கினாள். "கால் போன நாள்லேர்ந்து தெனமும் நான் மாதாகிட்ட ஒண்ணுதான் வேண்டிக்கினேன். இவரு மேல தப்பிருக்காதுன்னு எனக்குத் தெரியும். எந்தக் கை என் புருஷன் கால வாங்கிச்சோ, அந்தக் கை விளங்காமப் போவணும். அழுகிப் போவணும். சோறு எடுத்து வாயில வெக்க முடியாமப் போவணும். அது உங்க கைன்னு தெரியாம வேண்டிக்கினேன்."

"லீனாம்மா..."

"தெரிஞ்சப்புறமும் வாபஸ் வாங்க மாட்டேன். இப்பவும் அதையேதான் கேக்கறேன். அந்தக் கை அழுகணும்."

"வாணாம் லீனா!" உள்ளேயிருந்து மைக்கேல்ராஜின் குரல் சந்து முழுக்கக் கேட்டது. "அப்படிச் சொல்லாதடி! ஐயோ, வாணாம்! திருப்பி வாங்கிக்கடி!" எழுந்திருக்கப் பார்த்து எதன்மேலோ விழுகிற சத்தம். கீழே கிடந்தபடி அவன் ஓ என்று அழுதான்.

லீனா உள்ளே ஓடுவதற்குத் திரும்பினாள். திரும்பினவள் ஒரு நிமிஷம் நின்று சண்முகத்தை வெறுப்போடு பார்த்தாள்.

"பாத்தீங்களா? இப்பகூட உங்களுக்காகத்தான் அழுவுறாரு."

சண்முகம் அவள் விரல்களைப் பார்க்காமல் ஆமாம் என்று தலையாட்டினான்.